மலாவிக்கு ஒரு மாப்பிள்ளை விசாரணை

என் மனைவி பூங்கனி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில்" என்று சொல்லி நழுவிவிடுவது என் வழக்கம். முழுதாகச் சொல்லத் தொடங்கினால் கேட்டவருக்குத் தான் பெயிண்ட் வாங்க வந்ததே மறந்துபோகும். கொட்டாரத்தில் பெயிண்டுக் கடை நடத்துகிறவன் நான். வியாபாரம் கெடுவதில் எனக்கு விருப்பமில்லை. இந்த ஒரு தடவை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவின் வடக்கே ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ஏழை நாடுகளில் பிள்ளைகள் நோயில் சாகாமலிருக்கப் பணம் கொடுப்பது அதன் தொழில். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கமாட்டார்கள். ஒரே தொகையை எங்கே கொடுத்தால் அதிக உயிர் பிழைக்கும், கொசுவலைக்கா, தடுப்பூசிக்கா, கிணற்றில் போடும் குளோரினுக்கா என்று ஆராய்ந்து சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்களில் ஒருத்திதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மீன்குழம்புச் சட்டியைக் கையால் ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்.

மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தாள். இடுப்பு வலி வந்து ஊருக்குத் திரும்பினாள். ஆறு மாதம் சும்மா இருந்தாள். சும்மா என்றால், என் கடையில் வந்து நின்றுகொண்டு, ஆசையாக வெளிர்நீலம் கேட்டவரிடம் "இது வீட்டுக்கா, கல்லறைக்கா?" என்று விசாரிப்பது. அவளுக்கு ஒரு வேலை கிடைக்கவேண்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்ததை இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அவளோடு நர்ஸிங் படித்த முப்பத்தெட்டுப் பேரும் ஒரு வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள். பதினான்கு நாடுகளில் சிதறிக் கிடந்தாலும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அதில் வந்துவிடும். அந்தக் குழுவில்தான் இந்த வேலைக்கான விளம்பரமும் வந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு நாற்பது பக்க அறிக்கையை அனுப்பி, என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தார்கள். எங்கோ ஒரு கிளினிக்கில் தினமும் நூற்றிருபது குழந்தைகளுக்கு எடை பார்க்கிறார்களாம். பூங்கனி இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

"ஒரு தராசு, ஒரு நர்சு. நாளைக்கு நூத்தியிருவது பிள்ள. பிள்ள என்ன அரிசி மூட்டையா, தூக்கி வச்ச ஒடன அசையாம கெடக்க?" என்றாள் என்னிடம். அதையே இங்கிலீஷில் கொஞ்சம் மரியாதையாக எழுதி அனுப்பினாள். அடுத்த வாரமே வேலை கிடைத்துவிட்டது.

ஆரம்பத்தில் எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. இந்தத் திட்டத்தில் ஒரு உயிருக்கு இவ்வளவு டாலர், அந்தத் திட்டத்தில் அவ்வளவு டாலர் என்று அவள் திரையில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, உயிருக்கு வெல போடுதியா? இது தெய்வத்துக்கு அடுக்குமா?"

"இஞ்ச பாருங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒருத்தன் ரெண்டாயிரம் ரூவாயோட ஒங்க கடைக்கு வாறான். மொட்ட மாடி ஒழுகுது. முன்பக்கத்துக் காம்பவுண்டும் நெறம் மங்கிக் கெடக்கு. ரெண்டுக்கும் காசு காணாது. நீங்க என்ன சொல்லுவிய?"

"ஒழுகுத எடத்த மொதல்ல பாருன்னு சொல்லுவேன்."

"அவன் வீட்டுக்கு வெல போட்டியளா?"

பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. நான் முயற்சி செய்வதையும் நிறுத்திவிட்டேன்.

அறக்கட்டளையில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பொருளாதாரம் படித்தவர், புள்ளியியல் படித்தவர், இரண்டையும் படித்தவர் என்று வரிசையாக இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவர் ஹென்ரிக், தாடி வைத்த சாதுவான மனுஷன். இவர்களுக்கு நடுவே பூங்கனிக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், அவளிடம் எங்கள் ஊர் வித்தை ஒன்று இருந்தது: மாப்பிள்ளை விசாரிக்கிற வித்தை.

எங்கள் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தால் மாப்பிள்ளை வீட்டில் போய் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கமாட்டோம். அவர்கள் நல்லதாகத்தானே சொல்வார்கள்? எதிரே உள்ள சாயாக்கடைக்குப் போவோம். பால் ஊற்றுகிறவளைப் பிடிப்போம். ஆனால் அவர்களும் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார்கள். கல்யாணம் கலைத்த பாவம் யாருக்கு வேண்டும்? "நல்ல குடும்பம்" என்று உடனே சொன்னால் நல்ல குடும்பம். சாயாவை இரண்டு தடவை ஆற்றிவிட்டு "நல்ல குடும்பந்தான்" என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடவேண்டும்.

என் சித்தப்பா மகள் சபிதாவுக்கு ஒரு இஞ்சினியர் மாப்பிள்ளை வந்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஏதோ காற்றாலைக் கம்பெனியில் வேலை என்றார்கள். பார்க்க லட்சணமானவன், ஜெபக்கூட்டத்தில் கிட்டார் வேறு வாசிப்பான். வீட்டில் எல்லோரும் தலையாட்டியாயிற்று. பூங்கனி மட்டும் அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரைத் தேடிப்போய், அந்தப் பையனின் யூனிபாரம் வாரத்துக்கு எத்தனை வரும் என்று கேட்டாள். ஆறு மாதமாக ஒன்றுகூட வரவில்லையாம். பையன் வேலையை விட்டுவிட்டு, தினமும் சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்பிப்போய், காற்றாலை சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். அதிலிருந்து எங்கள் உறவில் பூங்கனியைக் கேட்காமல் யாரும் பந்தக்கால் நட்டதில்லை.

இதே முறையைத்தான் அவள் ஐரோப்பியப் பணத்துக்கும் கையாண்டாள். அறிக்கை எழுதியவரிடம் அறிக்கையைப் பற்றிக் கேட்கமாட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவரின் நம்பரைத் தேடிப்பிடிப்பாள். எத்தியோப்பியாவானாலும் பப்புவா நியூ கினியாவானாலும் எங்கள் மாவட்டத்து நர்ஸ் ஒருத்தி அங்கே இல்லாமலா போவாள்? மூன்று வருடத்தில் நான்கு "இஞ்சினியர் மாப்பிள்ளை" திட்டங்களை அவள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஹென்ரிக் அவளைத் தெய்வம்போல் மதித்தார். எனக்கும் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவே.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் விசாரிக்காமல் தலையாட்டினாள். அது ஆப்பிரிக்காவில், மலாவியில்.

அங்கே சிக்கோண்டி என்று ஒரு அம்மாள் ஒரு திட்டம் நடத்தினார். வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளைகளின் உடம்பிலிருந்து தண்ணீர் வற்றித்தான் உயிர் போகும். அதைத் தடுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு தூள் போதும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்று நம் மருந்துக்கடையிலும் தொங்குமே, அதேதான். சிக்கோண்டி ஐம்பத்தெட்டுப் பெண்களை வேலைக்கு வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு கிராமங்களில் வீட்டுக்கு இரண்டு பாக்கெட் வீதம் கொடுத்து வந்தார். செலவு கொஞ்சம், பலன் நிறைய. செப்டம்பர் முப்பதோடு பணம் தீர்கிறது. அறக்கட்டளை புதுப்பிக்காவிட்டால் திட்டத்தை மூடவேண்டியதுதான். புதுப்பிக்கலாமா என்று எழுதவேண்டியவள் பூங்கனி.

சிக்கோண்டியை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். வீடியோவில் அந்த அம்மாள் சிரித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். இருவரும் அரை மணி நேரம் வேலை பேசிவிட்டு, ஒரு மணி நேரம் புருஷன்மார்களைப் பற்றிப் பேசுவார்கள். அதனால்தானோ என்னவோ, வந்த கணக்கெடுப்பை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள். வீடுவீடாகப் போய்ப் பார்த்ததில், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வீடுகளில் பாக்கெட் இருந்ததாம். ஆற்றோரத்துப் பதினோரு கிராமங்களில் மட்டும் அறுபத்தொன்றுதான். அந்தப் பதினொன்றையும் பார்த்துக்கொண்டவள் மெர்சி என்ற ஒரு பெண். எங்கள் சபையில் மட்டும் ஏழு மெர்சிகள் இருப்பதால் இந்தப் பெயர் என் மனதில் நின்றது. "திட்டம் அருமை, தொடரலாம். ஆற்றோரத்துப் பதினோரு கிராமங்களை மட்டும் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை மற்ற இடங்களுக்குக் கொடுக்கலாம்" என்று பூங்கனி எழுதி முடித்தாள். அனுப்புவதற்கு முந்தின சனிக்கிழமைதான் பெனிஷ் வீட்டுப் பிரதிஷ்டை, அதாவது எங்கள் சபைக்காரர்களின் கிரகப்பிரவேசம்.

பெனிஷ் எங்கள் தெருக்காரன். கத்தாரிலிருந்து வந்து கட்டிய வீடு. பெயிண்ட் என் கடையுடையது. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் நெருப்பில் சுட்ட கோழியும் மயோனைசும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் பாதிச் சபை வரவில்லை. வந்தவர்களில் பலர் பிரசங்கத்துக்கு முன்பே வெளியேறினார்கள். குற்றவாளி பிரியாணியா மயோனைசா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

பூங்கனி மட்டும் பதற்றப்படவில்லை. ஏனென்றால் ஜூலையிலேயே எங்கள் தெருவில் முப்பது வீடுகளுக்கும் அவள் இரண்டிரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கொடுத்திருந்தாள். "ஆப்பிரிக்காவுக்கே செய்யுதாளாம், அடுத்த வீட்டுக்கு ஒண்ணும் செய்யல" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரோ குத்திக்காட்டியதற்குப் பதிலாகக் கொடுத்தது அது. என்னையும் அந்த மயோனைஸ் விடவில்லை. என் மூக்கைப் பிடித்து ஒரு செம்பு கரைசலை ஊற்றிவிட்டு, மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் நானும் பின்னாலேயே போனேன்.

முதலில் பக்கத்து வீடு, சொர்ணம்மாள். அய்யாவழிக்காரர்; ஆனாலும் பெனிஷ் வீட்டு விருந்து மத பேதம் பார்க்கவில்லை. கட்டிலில் வாடிய கீரையாகக் கிடந்தார்.

"வா மக்கா," என்றார் மெல்லிய குரலில். "பதினோரு தடவ போயாச்சு. இனி போறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல."

"நான் தந்த பாக்கெட்டக் கலக்கிக் குடிச்சியளா அக்கா?"

"அதெப்பிடி மக்கா? நல்ல சாமானமாச்சே! பத்திரமா வச்சிருக்கேன்."

பத்திரம் என்றால் ஷோகேஸ். கண்ணாடிக்குப் பின்னால், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் குப்பி, பிரிக்காத சோப்பு, ஒரு நாளும் தண்ணீர் காணாத டம்ளர் செட்டு. நடுவில் மெடல்போலச் சாய்த்து வைத்த இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்த சாமானை யாரும் உபயோகிப்பதில்லை. பார்ப்பதற்குத்தான் அது. இலவசமாக, அதுவும் ஒரு நர்ஸ் கையால் வந்த மருந்துக்கும் அதே மரியாதைதான்.

"எப்பத்தான் அத எடுப்பிய?"

"ஒரு அவசரத்துக்கு வேண்டாமா?"

"பதினோரு தடவ போனது அவசரமில்லியா?"

"இன்னும் மோசமா வந்தா என்ன செய்வேன்?" என்றார் சொர்ணம்மாள்.

பூங்கனி ஷோகேஸைத் திறந்து, அவர் கத்தக் கத்தப் பாக்கெட்டைக் கிழித்தாள். கரைத்துக் குடிக்கவைத்தபின் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று முப்பது வீடும் ஏறி இறங்கினோம். பதினான்கு வீடுகளில் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். ஒரு வீட்டிலும் பாக்கெட்டைத் தொடவில்லை. ஃபிரிட்ஜின் தலையில், பீரோவுக்குள் பட்டுச்சேலை மடிப்பில், வேதப்புத்தகத்துக்கு அடியில் என்று எல்லாம் கசங்காமல் இருந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் இரண்டு பாக்கெட்டும் காலியாகியிருந்தன. சந்தோஷமாக விசாரித்தால், கடித்துத் தின்றது எலி.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. பூங்கனி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒருத்தரு வந்து நம்ம தெருவுல வீடு வீடாக் கேட்டா என்ன வரும்?" என்றாள். "பாக்கெட் இருக்கான்னு கேப்பாவ. இருக்கும்பாவ. முப்பதுல இருவத்தொம்பது வீடு. தொண்ணூத்தேழு சதவீதம்! சொர்ணம்மக்கா செத்தே போயிருந்தாலும் தொண்ணூத்தேழு!"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"குடிச்ச வீட்டுல பாக்கெட் எப்பிடி இருக்கும்? குடிச்சாத் தீந்துபோவுமே." அவள் லேப்டாப்பைத் திறந்தாள். விரலால் அந்த வரியைத் தொட்டாள். ஆற்றோரம், பதினோரு கிராமம், அறுபத்தொன்று. எங்கே பாக்கெட் குறைவாக இருந்ததோ, அங்கே மட்டும்தான் பிள்ளைகள் குடித்திருக்கவேண்டும். அதைத்தான் நிறுத்தச் சொல்லி எழுதி வைத்திருந்தாள்.

உடனே ஜெனிலாவுக்குப் போன் போட்டாள். ஜெனிலா திற்பரப்புக்காரி, பூங்கனியோடு படித்தவள். மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக நர்ஸ். அந்த ஊர்ப் பாஷையும் நன்றாக வரும். அந்த ஆற்றோரத்துப் பிள்ளைகளும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளும் நோய் முற்றினால் அவளுடைய ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். இத்தனை நாள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததை நினைத்துப் பூங்கனி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள போவாத," என்றாள். "வீட்டுக்குப் போனா எடுத்துக் காட்டுவாளுவ. பொம்பளைங்க எங்க கூடி நிப்பாவளோ அங்க போ."

மக்காச்சோளம் அரைக்கிற மில்லில்தான் பெண்கள் கூடி நிற்பார்களாம். ஜெனிலா அடுத்த சனிக்கிழமை அரை மூட்டைச் சோளத்தோடு போய் வரிசையில் நின்றாள். வரிசை நகர நகர ஊர்க்கதை பேசினாள். ஆற்றோரம் தவிர வெவ்வேறு கிராமங்களிலிருந்து வந்த நாற்பத்தொரு பெண்கள். நாற்பத்தொருவர் வீட்டிலும் பாக்கெட் இருந்தது. பிரித்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு. பிள்ளைக்கு வயிற்றால் போகவில்லையா என்று கேட்டதற்கு, போனது, ஆனால் அவ்வளவு மோசமில்லை என்றார்கள்.

"எல்லாஞ் சொர்ணம்மக்கா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் பூங்கனி.

மறுநாள் ஜெனிலா ஆற்றோரத்துக்குப் போனாள். அங்கே மெர்சி தானாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். குடித்துவிட்டுக் காலிக் கவரைக் கொண்டுவந்தால், அந்த இடத்திலேயே புதுப் பாக்கெட். தீர்ந்தால் வேறு கிடைக்கும் என்று தெரிந்தபின் யார் பூட்டி வைப்பார்கள்? ஆனால் அவள் அடுத்து வரும்வரை பல வீடுகளில் காலிக் கவர்தான் இருக்கும்; கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. குறைந்த மதிப்பெண்ணுக்காக மெர்சிக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அந்த மூன்றாவதுக்கான வாசகம் எங்கள் சாப்பாட்டு மேசையில் தயாராக இருந்தது.

அன்று எங்கள் இருவருக்கும் நல்ல சண்டை.

"அந்தப் பதினோரு ஊரு பத்துன வரிய மட்டும் அழிச்சிரு," என்றேன் நான். "தொண்ணூத்து நாலு இருந்துட்டுப் போட்டும். பணம் வரட்டும். பொறவு நீ சிக்கோண்டிகிட்டப் பக்குவமாச் சொல்லி மாத்திக்கிடலாம். இத எழுதுனா மொத்தத்தையும் மூடிருவானுவ. ஐம்பத்தெட்டுப் பொம்பளைக்கு வேல போவும். ஒனக்குஞ் சேத்துப் போவும்."

"வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா சார்ட்டுல எழுதணும்," என்றாள். "எழுதாம மறச்சா, அடுத்த ஷிஃப்டுக்காரி வந்து அதையே திரும்பக் குடுப்பா."

"இது வார்டு இல்லட்டி."

"பின்ன இது என்ன?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மனிதர்களை விடக் கணக்கு பெரிதாகப் போயிற்றா என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. இப்போதும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "தொண்ணூற்று நான்கு என்பது வெற்றி அல்ல, தோல்வியின் அளவு. மெர்சியின் பதினோரு கிராமங்களில்தான் திட்டம் நடக்கிறது. அவற்றை நிறுத்தச் சொல்ல இருந்தவள் நான். கேட்கவேண்டியவர்களிடம் கேட்காமல் விட்டது என் தவறு." இவ்வளவுதான். அறிக்கையின் அடியில், கொட்டாரத்தில் முப்பது வீட்டுச் சோதனை என்று எங்கள் தெருவின் மானத்தையும் ஒரு பத்தியில் ஏற்றியிருந்தாள். எலியையும் விடவில்லை.

பதினோரு நாள் பதில் இல்லை. பூங்கனி அந்தப் பதினோரு நாளும் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் புளி போட்டுத் துலக்கினாள். கடைக்கும் வந்தாள். எங்கள் ஊர் வசவில் சொன்னால், சவம், வெளிர்நீலத்தை அந்த வாரம் ஒருத்தனும் வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஹென்ரிக் கூப்பிட்டார். திட்டத்தை மூடவில்லை. ஆனால் முழுதாகவும் தொடரவில்லை. ஒரு வருடம், தொண்ணூறு கிராமங்கள் மட்டும். எல்லா இடத்திலும் மெர்சியின் காலிக் கவர் முறை. மற்றவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும் மெர்சி. பலன் தெரிந்தால் மீதியைப் பார்க்கலாம் என்றார். பூங்கனியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எலியைப் பற்றி அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் விசாரித்ததாகச் சொன்னார்.

நூற்று இருபத்திரண்டு கிராமங்கள் கைவிட்டுப் போயின. முப்பது பெண்களுக்கு வேலை போயிற்று. அன்று சாயங்காலம் சிக்கோண்டி வீடியோவில் வந்தார். எங்கள் வீட்டுப் பாத்திரம் எதுவும் அதிரவில்லை. "நீ எழுதியது உண்மைதான். ஆனால் அந்த முப்பது பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டியவள் நானல்லவா?" என்றார். அதற்குப்பின் மூன்று மாதம் வேலைப் பேச்சு மட்டும்தான் நடந்தது. புருஷன்மார்கள் தப்பித்தோம், ஆனால் பூங்கனி இளைத்துப்போனாள். கிறிஸ்துமஸுக்கு முறுக்குகூடச் சுடவில்லை.

டிசம்பரில் அங்கே மழை தொடங்கியது. அவர்களுக்கு மழைக்காலம்தான் வயிற்றுப்போக்குக் காலம். ஜனவரியில் ஒரு நாள் காலையில், நான் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, ஜெனிலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மெர்சி நிற்கிறாள். சின்ன உருவம், பெரிய பல்வரிசை. பக்கத்தில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாக்கு. சாக்கு நிறையக் காலிக் கவர்கள்.

குப்பை நிறைந்த ஒரு சாக்கைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. "ஏட்டி, நீ ஜெயிச்சிட்டே!" என்று கத்தினேன்.

பூங்கனி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சும்மா கிழிச்சிருந்தா?" என்றாள்.

"என்னது?"

"புதுப் பாக்கெட் கெடைக்கும்னு, குடிக்காமலே கிழிச்சுக் கொண்டு வந்திருந்தா?"

இந்தப் பொம்பிளையோடு எப்படி வாழ்வது என்று நீங்களே சொல்லுங்கள். அவள் அதற்குள் ஜெனிலாவைக் கூப்பிட்டு அதையே கேட்டாள். ஜெனிலாவின் சிரிப்பு ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நீ இதக் கேப்பேன்னு தெரியும்ட்டி. அதனால நான் கவர எண்ணல. எங்க வார்டப் பாத்துச் சொல்லுதேன், கேளு. போன மழைக்கு ஒரு கட்டில்ல ரெண்டு பிள்ள கெடந்துது. தரையில பாய் விரிச்சோம். இன்னைக்கு நாலு கட்டில் காலியாக் கெடக்கு. நான் அதுல ஒரு கட்டில்ல இருந்துதான் ஒங்கிட்டப் பேசுதேன்."

பூங்கனியின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகியது. பன்னிரண்டு வருடம் குழந்தைகள் வார்டில் நின்றவளுக்குக் காலிக் கட்டில் என்றால் என்னவென்று தெரியும். இரண்டு விதமாகக் கட்டில் காலியாகும். இது நல்ல விதம்.

"இது ஆதாரமில்ல," என்றாள் அழுதுகொண்டே. "ஒரு ஆஸ்பத்திரிய வச்சுச் சொல்ல முடியாது. வேற எடத்துக்குப் போயிருப்பாவ. மழ கொறவா இருந்திருக்கும்."

"மழையா?" என்றாள் ஜெனிலா. "போன வருசத்த விட ரொம்பக் கூடுதல்ட்டி. இன்னைக்கும் விட்டபாடில்ல. சத்தங் கேக்கலியா?"

போனை அவள் ஜன்னல் பக்கம் நீட்டியிருப்பாள்போல. தகரக் கூரையில் கொட்டும் மழையின் சத்தம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. சந்தோஷத்தில் நான் பூங்கனியின் தோளைத் தட்டினேன். அவள் அசையாமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம விட்ட அந்த நூத்தியிருவத்திரண்டு ஊர்லயும் இந்த மழதானே பெய்யுது?" என்றாள்.

பூங்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்தாள். விட்டுப்போன ஊர்களுக்காக ஹென்ரிக்குக்கு எழுதத் தொடங்கினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று கடை திறக்கவில்லை.